அரிய ராக் தட்டுகளும் அந்தஸ்துப் போட்டிக் கதைகளும்: எதனோடு எதைச் சேர்ப்பது?

மாடிவீட்டு வாசகி:

நண்பர்களுக்கு வணக்கம். கோவையில் என் வீட்டு மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை சிலர் கூடுகிறோம். முதலில் ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசிப்போம். பிறகு, எளிதில் கைக்குக் கிடைக்காத ராக் பதிவு ஒன்றைக் கேட்போம். கதையும் பாட்டும் எங்காவது ஓரிடத்தில் உரசிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி கிடையாது. சுண்டலும் காபியும் என் பொறுப்பு. கருவூலத்தில் பில் சரிபார்த்தே ஓய்வு பெற்றவள் நான். வரவேண்டியது வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. போன கூட்டத்தில் வரவேண்டிய பாட்டு வந்து சேரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன முறை எடுத்துக்கொண்ட கதை ஆங்கில எழுத்தாளர் சாகியின் 'மிஸஸ் பேக்கல்டைட்ஸ் டைகர்'. 1911-இல் வந்த தொகுப்பில் இருப்பது. நம்மில் பலர் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். லூனா பிம்பர்டன் என்ற சீமாட்டி, அல்ஜீரிய விமானி ஒருவரோடு 11 மைல் பறந்துவிட்டு வந்து அதையே பேசிக்கொண்டு திரிகிறாள். பொறுக்க முடியாத பேக்கல்டைட் அம்மாளுக்கு உடனடியாக ஒரு புலி வேண்டும். வேட்டை மோகம் ஒன்றுமில்லை. லண்டன் வீட்டில் லூனாவைக் கௌரவிப்பதாகச் சொல்லி ஒரு விருந்து வைத்து, லூனாவின் காலடியிலேயே புலித்தோலை விரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் என்றதும் ஊர்க்காரர்கள் ஒரு கிழட்டுப் புலியை ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அதன் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று, வயல் வேலை முடிந்து கைக்குழந்தையோடு காட்டு வழியே திரும்பும் தாய்மார்கள் பாட்டை நிறுத்திக்கொள்கிறார்கள். அம்மாள் சுட்ட குண்டு கட்டிவைத்த ஆட்டின் மேல் பாய்கிறது. புலி வெடிச்சத்தத்திலேயே இதயம் நின்று சாகிறது. சம்பளத்துக்கு உடன் வந்த லூயிசா மெபினுக்கு இந்த உண்மை தெரியும். அவளுக்கு டார்க்கிங் பக்கம் ஒரு வீடு கிடைப்பதோடு கதை நிறைவுக்கு வருகிறது.

ஜோடியாக வைத்தது பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே அண்ட் டுடே'. 1966 ஜூனில் அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட நீண்ட இசைத்தட்டு (எல்.பி.). நால்வரும் கசாப்புக்காரர் போல வெள்ளை அங்கி அணிந்து, மேலெல்லாம் இறைச்சித் துண்டுகளும் தலை பிடுங்கிய பொம்மைகளும் கிடக்கச் சிரிக்கும் படம் அட்டையில் இருந்தது. வானொலிக்காரர்களும் கடைக்காரர்களும் முகம் சுளிக்கவே, அச்சாகியிருந்த ஏறக்குறைய 7,50,000 அட்டைகளையும் திரும்பப் பெற்றார்கள். அவற்றில் பலவற்றின் மேல், ஒரு டிரங்குப் பெட்டியோடு நால்வரும் இருக்கும் சாதுவான படத்தை ஒட்டி மறுபடி கடைக்கு அனுப்பினார்கள். ஒட்டவே படாத அட்டைக்கு ஒரு விலை, ஒட்டியபடியே இருப்பதற்கு ஒரு விலை, மேல்தாளை உரித்ததற்கு ஒரு விலை என்று இன்றுவரை வியாபாரம் நடக்கிறது.

எங்கள் குழுவில் ஓர் ஆடிட்டர் உண்டு, ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் இன்ஜினியரும் உண்டு. ஒட்டப்பட்ட அட்டை ஒன்றை ஆடிட்டர் நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் மூலம் வரவழைத்திருந்தார். அட்டையைக் குழல்விளக்குக்கு நேரே சாய்த்து, டிரங்குப் பெட்டியின் வலப்பக்க வெள்ளைப் பரப்பைக் காட்டினார். உற்றுப் பார்த்தால் அடியிலிருந்து மங்கலாக ஒரு கறுப்பு முக்கோணம் தெரிகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் படத்தில் டிரம்ஸ்காரர் ரிங்கோ போட்டிருக்கும் கறுப்புச் சட்டையின் கழுத்துப் பகுதி அது. எல்லாரும் எழுந்து போய்ப் பார்த்தோம்; அழகாகத்தான் இருந்தது. இன்ஜினியர் மட்டும் எழவில்லை. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தட்டைக் கேட்டு வாங்கி, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் கீறியிருந்த, எந்த அச்சு என்று காட்டும் எண்ணைப் படிக்க ஆரம்பித்தார். அந்தத் தட்டு அந்த அட்டைக்குச் சொந்தமில்லை என்பது அவர் கட்சி. எழுந்த வாக்குவாதத்தில் காபி ஆறியது. ஊசி கடைசிவரை தட்டில் இறங்கவே இல்லை.

கதையை வாசித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பேக்கல்டைடும் லூனாவும் சோபாவின் இரு முனைகளில் உட்கார்ந்திருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அவர்கள் இருவரைத் தவிர.

என் கேள்வி இதுதான். மேட்டுக்குடி மனிதர்கள் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கும் கதைகளோடு இன்னும் எந்த அரிய பதிவுகளைச் சேர்க்கலாம்? கதை ஒரே அமர்வில் வாசிக்கிற நீளத்தில் இருக்க வேண்டும். பதிவு மறுவெளியீடாகவாவது முறையாகக் கிடைக்க வேண்டும். திருட்டுப் பிரதி வேண்டாம். இந்த இருவரை வைத்துக்கொண்டு ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்பதற்கு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

ஊசிமுனை:

அம்மா, வணக்கம். சென்னையில் பழைய தட்டு வாங்கி விற்கிறவன் நான். முதலில் அவசரமான விஷயம்: அந்த அட்டையை யாரும் நீராவி காட்டி உரிக்கப் பார்க்க வேண்டாம் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். பாதியில் கிழிந்தால் புலியும் போய் ஆடும் போய்விடும். உரித்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அதைச் சும்மா வைத்திருப்பதே பெரிய காரியம்.

வெளிநாட்டுச் சரக்கைத் தேடி அலைகிற உங்கள் இருவருக்கும் இன்னொரு செய்தி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு வழக்கொழிந்த பிறகும், 1960-களின் நடுப்பகுதி வரை, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகளை 78-ஆக அழுத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே மின்சாரம் வராத வீடுகளிலும் சாவி கொடுக்கும் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். அரக்குத் தட்டு, கைதவறினால் ஓடு மாதிரி உடையும். இன்று ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் கேட்டு எழுதுவது அவற்றைத்தான். நம்மவர்கள் மகனிடம் நியூ ஜெர்சியிலிருந்து வாங்கிவரச் சொல்கிறார்கள். லண்டன்காரர் நம் பழைய பரணை நினைத்து ஏங்குகிறார். இரண்டு பக்கமும் தூர தேசத்துப் புலிதான் வேண்டியிருக்கிறது.

சண்டைக்கு மருந்து: லேபிளைக் காட்டாதீர்கள். 1970-களில் இங்கிலாந்தின் வட பகுதியில், விகன் கேசினோ போன்ற நடன அரங்குகளில் அமெரிக்காவில் விற்காமல் போன சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) தட்டுகளைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். ராக் இல்லை என்று இன்ஜினியர் ஆட்சேபிப்பார்; பரவாயில்லை. தட்டு போடுகிறவர் தன் சரக்கு என்னவென்று போட்டியாளருக்குத் தெரியாமலிருக்க லேபிள் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகருக்கு ஒரு பொய்ப்பெயரும் வைத்துவிடுவார். ஃபிராங்க் வில்சனின் 'டு ஐ லவ் யூ' அப்படித்தான் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் ஓடியது. அதன் மூலப் பிரதி ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. அவர்கள் போட்டியை வளர்க்க மறைத்தார்கள். நீங்கள் பாட்டைக் கேட்பதற்காக மறையுங்கள். பிளேயரைப் பக்கத்து அறையில் வைத்து, ஸ்பீக்கர் கம்பியை மட்டும் கூடத்துக்கு இழுத்துவிட்டால் பூதக்கண்ணாடிக்கு வேலை இருக்காது.

மூன்றாம் பெஞ்சு:

வாசகி அம்மாவுக்கு, அமெரிக்க எழுத்தாளர் எடித் வார்ட்டன் எழுதிய 'ஷிங்கு' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 டிசம்பரில் பத்திரிகையில் வந்தது. நீங்கள் சொன்ன புலிக் கதைக்கும் இதுவே ஆண்டு என்பது தற்செயல். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன். இந்தக் கதையை நடத்துகிற அன்று மட்டும் கடைசி பெஞ்சுகூட விழித்திருக்கும்.

ஹில்பிரிட்ஜ் என்ற ஊரில் சில சீமாட்டிகள் ஒரு மதிய உணவுச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பண்பாட்டைத் தனியாகச் சந்திக்கப் பயந்து கூட்டமாகத் துரத்துகிறவர்கள் அவர்கள் என்பது போல முதல் வரியிலேயே வார்ட்டன் குத்திவிடுகிறார். ஒருத்தி சமயத்துக்கு எடுத்துவிடுவதற்காக மேற்கோள் புத்தகம் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறாள். சமயம் வரும்போது ஒரு வரியும் நினைவுக்கு வருவதில்லை. ஆஸ்ரிக் டேன் என்ற பெரிய நாவலாசிரியை விருந்தினராக வருகிறார். யார் என்ன கேட்டாலும் எதிர்க்கேள்வி கேட்டு மடக்குகிறார். எல்லாரும் வெலவெலத்து நிற்கும்போது, சங்கத்தில் யாரும் மதிக்காத மிஸஸ் ரோபி, நாங்கள் இப்போதெல்லாம் ஷிங்குவில்தான் மூழ்கிக் கிடக்கிறோம் என்று போட்டுவிடுகிறாள். அது என்னவென்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. தத்துவமா, சமயச் சடங்கா, புத்தகமா என்று ஆளுக்கொன்றாக நினைத்துக்கொண்டு ஆமாம் போடுகிறார்கள். நாவலாசிரியைக்கும் தெரியவில்லை, அவரும் தலையாட்டுகிறார். நீளமானது, சில இடங்களில் ஆழம், சில இடங்களில் கடினம், மூலத்திலிருந்தே தொடங்குவது நல்லது என்று ரோபி அடுக்குகிறாள். பிற்பாடு கலைக்களஞ்சியத்தைப் புரட்டினால் ஷிங்கு என்பது பிரேசிலில் ஓடும் ஓர் ஆறு. ரோபி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இதற்கு ராக் உலகத்தில் அச்சு அசலாக ஒரு ஜோடி இருக்கிறது. 1969-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளை யாரோ வெள்ளை அட்டையில் போட்டுத் திருட்டுத்தனமாக விற்றார்கள். 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்று அதற்குப் பெயர் வந்தது. ராக்கில் பேர் வாங்கிய முதல் திருட்டுத் தட்டு அதுதான். அதைக் கையில் வைத்திருப்பதே ஓர் அந்தஸ்து ஆகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் 'மாஸ்க்டு மராடர்ஸ்' என்ற குழுவின் இரட்டைத் தட்டுக்கு ஒரு மதிப்புரை வெளியானது. டிலன், பீட்டில்ஸின் லெனன், மெக்கார்ட்னி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஜாகர் எல்லாரும் கனடாவில் ஹட்சன் விரிகுடாப் பக்கம் ஒரு சிற்றூரில் ரகசியமாகக் கூடிப் பாடியிருக்கிறார்கள், ஒப்பந்தச் சிக்கலால் அட்டையில் பெயர் போடவில்லை என்று விவரமாக எழுதியிருந்தது. எழுதியவர் கிரெய்ல் மார்கஸ், புனைபெயரில். தட்டும் கிடையாது, குழுவும் கிடையாது, எல்லாம் கேலி.

வாசகர்கள் அந்தத் தட்டைக் கேட்டுக் கடைக்கு நடையாக நடந்தார்கள். மார்கஸும் நண்பர்களும் சும்மா இருப்பார்களா? பெர்க்லியில் ஓர் உள்ளூர்க் குழுவைப் பிடித்து, அந்த மகான்களின் குரல்களில் பாட வைத்து நிஜமாகவே பதிவு செய்தார்கள். வார்னர் நிறுவனம் அதை வாங்கி அதற்கென்றே ஒரு லேபிள் பெயரை உண்டாக்கி வெளியிட்டது. ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். வார்ட்டன் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

கதையை வாசிக்கும் முன்பே பாட்டைப் போடுங்கள். யார் பாடுகிறார்கள் என்று கேளுங்கள். விடையை அப்போதே சொல்லிவிடாதீர்கள்.

காதுமட்டும்:

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு மாற்றுக் கருத்து சொல்லிக்கொள்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். அரிய பதிவுகளில் பெரும்பாலானவை அரியவையாக இருப்பதற்குக் காரணம், அவற்றைப் பாடியவர்களுக்கே பிடிக்காமல் போனதுதான். நான் தட்டு எதுவும் வாங்குவதில்லை, கைப்பேசியில் கேட்கிறேன். பத்துத் தடவை கேட்டும் நிற்கிற அரிய பதிவு எனக்குத் தெரிந்து சிலவே.

அவற்றில் ஒன்று வெல்வெட் அண்டர்கிரவுண்டு என்ற அமெரிக்க ராக் குழு 1966 ஏப்ரலில் நியூயார்க்கின் செப்டர் ஸ்டுடியோவில் பாடியது. நிறுவனங்களிடம் காட்டுவதற்காக வெட்டிய மாதிரித் தட்டு. 2002-இல் நியூயார்க் தெருவோரச் சந்தையில் ஒருவர் 75 சென்டுக்கு வாங்கினார். 2006-இல் இணைய ஏலத்தில் யாரோ ஒன்றரை லட்சம் டாலர் என்று பொய்யாகக் கேட்டுவிட்டு நழுவிவிட, மறு ஏலத்தில் 25,200 டாலருக்குப் போனது. அந்தப் பொய்க் கேள்வி உங்கள் கதைகளில் சேர்க்கத் தக்கது. தட்டு முழுக்கக் கீறல் சத்தம். ஆனாலும் அந்தக் குழு இன்னும் தன்னைப் பற்றி முடிவு செய்யாமல் இருப்பது அதில் கேட்கிறது. 2012-இல் மறுவெளியீடாக வந்துவிட்டது.

ஆனால் என்னுடைய சிபாரிசு வேறு. எடித் வார்ட்டனிடமே 'ரோமன் ஃபீவர்' என்ற கதை இருக்கிறது, 1934-இல் வந்தது. ரோமில் ஓர் உணவகத்தின் மேல்தளத்தில், கீழே பழைய இடிபாடுகள் தெரிய, இரண்டு விதவைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி பின்னல் வேலை செய்கிறாள். சிறுவயதிலிருந்து சிநேகிதிகள், எதிரெதிர் வீட்டுக்காரர்கள். 25 ஆண்டுக்கு முன் ஒரு ராத்திரி நடந்ததைப் பற்றி இருவரிடமும் ஆளுக்கொரு கதை இருக்கிறது. தன்னிடம் இருப்பதே முழுக்கதை என்று மிஸஸ் ஸ்லேடு நம்புகிறாள். கடைசி வரியில் அது கவிழ்ந்துபோகும். இங்கே சொல்ல மாட்டேன்.

இதோடு பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டிலிருந்து 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டை மோனோவிலும் (ஒரே தடத்தில் வரும் ஒலி) ஸ்டீரியோவிலும் (இடம் வலமாகப் பிரித்த ஒலி) அடுத்தடுத்துப் போடுங்கள். 1967-இல் மோனோதான் முக்கியம் என்று நினைத்து, அந்த ஒலிக்கலவை நடக்கும்போது நால்வரும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீரியோ வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டார்கள். விளைவு, மோனோவில் இந்தப் பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் உயரம். ஸ்டீரியோவில் அதே பெண் தயங்கித் தயங்கிப் படியிறங்குகிறாள். ஒரே ராத்திரி, இரண்டு சாட்சிகள். மோனோ 2009-இல் குறுந்தகட்டுப் பெட்டியாக வந்துவிட்டதால் யாரும் ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரு துணுக்கு: இந்தப் பாட்டின் வயலின் பகுதிகளை எழுத, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அந்த வேளையில் ஒழியவில்லை. மெக்கார்ட்னி பொறுக்காமல் மைக் லியாண்டர் என்பவரிடம் கொடுத்துவிட்டார். அது மார்ட்டினை நோகடித்தது.

மாடிவீட்டு வாசகி:

எல்லாருக்கும் நன்றி. காதுமட்டும் தம்பி, உங்கள் கட்சியில் நானும் பாதி சேர்ந்துவிடுகிறேன். எங்கள் மாடியில் ஒலித்த அபூர்வங்களில் பலவற்றை இன்னொரு தடவை போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் தூசி படிந்த ஒரு தட்டில் என்ன இருக்கிறதோ என்று கேட்கக் காத்திருக்கிற அந்தச் சில நொடிகளைக் கைப்பேசி தருவதில்லை. அந்த நொடிக்காகத்தான் நான் சுண்டல் வேக வைக்கிறேன். எண்ணைப் படித்துவிட்டுத் தட்டை உறைக்குள் போட்டுவிடுகிறவர்களோடுதான் எனக்குத் தகராறு.

மூன்றாம் பெஞ்சு ஐயா, 'ஷிங்கு'வையே எடுத்துக்கொள்கிறோம். ஆறு என்பதை நீங்கள் இங்கேயே உடைத்துவிட்டீர்களே! எங்கள் ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை என்பதால் பிழைத்தேன்.

நூலகப் படிக்கட்டு:

அக்கா, தாமதமாக வருகிறேன். பெரியவர்களின் போட்டியையே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். குழந்தைகளின் போட்டிக்கு கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டின் 'த டால்ஸ் ஹவுஸ்', 1922. நியூஸிலாந்தில் பர்னல் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பொம்மை வீடு வருகிறது. அதை யார் யார் வந்து பார்க்கலாம் என்று மூத்தவள் இசபெல் பள்ளிக்கூடத்தில் முறை வைக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு பேர். முறை கிடைக்க எல்லாப் பெண்களும் அவள் தோளில் கைபோட அலைமோதுகிறார்கள். துணி வெளுப்பவளின் மகள்களான கெல்வி சகோதரிகளுக்கு மட்டும் முறையே கிடையாது. அவர்கள் உடுப்பு ஊராரின் பழைய மேசைவிரிப்பிலும் திரைச்சீலையிலும் தைத்தது. நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். புத்தகத்துக்கு முறை வைப்பதைத் தினமும் பார்க்கிறேன். இசபெல்லை எனக்கு நன்றாகத் தெரியும்.

இதன் பக்கத்தில் வைக்க ஒரு தட்டு. 1958-இல் லிவர்பூலில் பெர்சி ஃபிலிப்ஸ் என்பவர் வீட்டோடு வைத்திருந்த சிறு ஸ்டுடியோவில், பீட்டில்ஸ் குழுவின் முன்வடிவமான குவாரிமென் என்ற பெயரில் இருந்த பையன்கள் 17 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து ஒரே ஒரு தட்டு வெட்டிக்கொண்டார்கள். ஒரு பக்கம் அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் பாட்டு. மறுபக்கம் 'இன் ஸ்பைட் ஆஃப் ஆல் த டேஞ்சர்', மெக்கார்ட்னியும் ஹாரிசனும் எழுதியதாகப் பெயர் போட்டிருப்பது. இருப்பது ஒன்று, பையன்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். முறை பியானோ வாசித்த ஜான் டஃப் லோவிடம் வந்து அங்கேயே நின்றுவிட்டது. 20 ஆண்டுக்கு மேல் அவர் வீட்டில் கிடந்தது. 1981-இல் மெக்கார்ட்னி விலை கொடுத்து வாங்கி, நண்பர்களுக்குக் கொடுப்பதற்காக ஏறக்குறைய 50 பிரதிகள் போட்டுக்கொண்டார். அவற்றுக்கே இன்று தீராத அடிதடி. பாட்டு 1995-இல் பீட்டில்ஸின் 'ஆன்தாலஜி' முதல் தொகுதியில் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது.

பாடியவர்களுக்கே பிடிக்காமல் போனவை என்று காதுமட்டும் சொன்னாரே, அந்தப் பட்டியலில் இது வராது என்று நினைக்கிறேன். பாடும் பையனுக்கு அப்போது 17 வயது. எல்விஸ் மாதிரி பாட ஆசை. குரல் நடுவில் தானாகவே லெனனாகிவிடுகிறது.

மாடிவீட்டு வாசகி:

கூட்டம் நடந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிளேயரைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தட்டு மாற்றும் பொறுப்பு என் தங்கை மகனுக்கு. பெயர் சொல்லாமல் மாஸ்க்டு மராடர்ஸ் பாட்டு ஒன்றைப் போட்டோம். முழுதாகக் கேட்டோம். எதிர்வீட்டு டீச்சர், ராக்கைப் பற்றி ஒன்றும் அறியாதவர், "யாரோ யாரையோ பழித்துக் காட்டுகிறார்கள், ஆனால் நன்றாகப் பழிக்கிறார்கள்" என்றார். மற்றவர்கள் ஜாகர், டிலன் என்று அடுக்கினார்கள்.

குழுவின் பெயரைச் சொன்னதும் இன்ஜினியர் நிமிர்ந்தார். அப்படி ஒரு தட்டே உலகத்தில் கிடையாது, அது பத்திரிகைக்காரன் அடித்த கேலி, எனக்கு அப்போதிருந்தே தெரியும் என்றார். ஆடிட்டர் அமைதியாக, என் அலமாரியில் மூன்றாவது அடுக்கில் இருக்கிறது என்றார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். இதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்குக் கதை முழுவதும் தேவைப்பட்டது. ரோபி ஷிங்குவின் ஆழத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இன்ஜினியர்தான் முதலில் சிரித்தார். ஆடிட்டர் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது, தன் பிரதியை அடுத்த வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்கும்படி இன்ஜினியரிடம் சொன்னார். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றார் அவர். பூதக்கண்ணாடியோடுதான் கேட்பார், அது என் கவலையில்லை.

அடுத்த மாதம் பொம்மை வீடும் குவாரிமென்னும். பெயரைச் சொன்ன உடனேயே, 'ஆன்தாலஜி'யில் இருப்பது கொஞ்சம் வெட்டிய வடிவம் என்று ஆடிட்டர் ஆரம்பித்தார். சுண்டல் கிண்ணத்தை நீட்டினேன். அதற்கடுத்த மாதம் 'ரோமன் ஃபீவர்'. மேன்ஸ்ஃபீல்டு கதைக்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். டீச்சருக்கு ஆங்கிலம் வேகமாக வாசித்தால் பிடிபடுவதில்லை. மோனோ பெட்டி கோவையில் யாரிடமாவது இருந்து, ஒரு ஞாயிறுக்கு மட்டும் இரவல் தரச் சம்மதித்தால் ஆட்டோ செலவு என்னுடையது.